பூனைக்கு 24 என்றால் நாய்க்கு எத்தனை?

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீங்க. இது விடுகதை இல்லை. கவர்ன்மென்ட் உத்தியோக சமாச்சாரம். இதற்குப் பதில் தெரிந்தால் நீங்கள் இளநிலை உதவியாளர் ஆகலாம், கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம். தெரியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கம்பெனிக்குப் போய்க்கொண்டே ராத்திரியில் கண் முழிக்கலாம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீதிக் கடைசி வீட்டில் ஒரு பொண்ணு. வயசு 25. அப்பா ஃபவுண்டரியில் மோல்டர். மணலில் அச்சுப் பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப்போன மனுஷன். பொண்ணு பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். அப்புறம் பி.காம். இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் பில் போடும் வேலை. குரூப் 4 பரீட்சையை மூன்று தடவை எழுதியாயிற்று. மூன்று தடவையும் கொஞ்சத்தில் போச்சு.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல் கனத்துக்கு ஒரு கைடைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் மகளுமாக வீட்டுக்கு வந்தார்கள்.

"ஏனுங் மாமா, நீங்களும் பி.காம். தானுங்களே... இந்த ஒரு ஏரியா மட்டும் எனக்குப் புடிபடவே மாட்டீங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

வாங்கிப் பார்த்தேன். 'ஒரு குறிப்பிட்ட குறியீட்டு மொழியில் கேட் என்பது 24 எனில், டாக் என்பது எது?' கேள்வி முழுக்கத் தமிழ். பூனையும் நாயும் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் உட்கார்ந்திருந்தன.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழித்தேன். பூனைக்கு நாலு கால், ஆறு பூனைக்கு 24 கால் என்றெல்லாம் புத்தி ஓடியது. அரை மணி நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. இங்கிலீஷ் எழுத்து 26க்கும் வரிசையாக நம்பர் போட வேண்டும். பூனையின் மூன்று எழுத்துக்கு 3, 1, 20. கூட்டினால் 24. நாயின் மூன்று எழுத்துக்கு 4, 15, 7. கூட்டினால் 26. அவ்வளவுதான் சூட்சுமம். இதில் ஒரு வேடிக்கை. பூனையின் கடைசி எழுத்தையும் நாயின் முதல் எழுத்தையும் தமிழில் எழுதிப் பாருங்கள். ரெண்டுமே 'டி'தான்! ஒன்றுக்கு 20, இன்னொன்றுக்கு 4.

திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அப்பா மெல்லக் கேட்டார்.

"அது செரீங்க தம்பி. பூனைக்கு 24, நாய்க்கு 26ன்னு கண்டுபுடிச்சு வி.ஏ.ஓ. என்னுங்க பண்ணுவாரு? நாய்க்கும் பூனைக்கும் பட்டா குடுப்பாருங்களா?"

என்னிடம் பதில் இல்லை. அவர்கள் போன பிறகு யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் கொட்டப்போகிறேன்.

*

முதலில் கணக்கைப் பேசிவிடலாம். 2022 ஜூலையில் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டவர்கள் 22 லட்சம் பேர். அறிவிப்பில் சொன்ன இடங்கள் 7,301. ஒரு நாற்காலிக்கு 300 பேர். மூன்று மணி நேரம், 200 கேள்வி. அதாவது ஒரு கேள்விக்கு 54 செகண்ட். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, பாக்கி 25 'திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும்'. கேள்விக்கு ஒன்றரை மார்க். இந்தக் கூட்டத்தில் ஒன்றரை மார்க் போனால் ரேங்க் எங்கே போய் நிற்கும் என்று எழுதினவர்களைக் கேளுங்கள்.

அந்த 25 கேள்வியில் சதவீதம் இருக்கிறது, தனிவட்டி கூட்டுவட்டி இருக்கிறது, பரப்பளவு இருக்கிறது. அவற்றோடு எனக்குச் சண்டை கிடையாது. வட்டி போடத் தெரியாதவர் கஜானா பக்கம் போகக்கூடாது என்று சொல்வதில் பி.காம். படித்த நான்தான் முதல் ஆள். என் சண்டை எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் குறியீட்டுப் புதிரோடு மட்டும்தான். குரூப் 4ல் மட்டும் இல்லை, பேங்க், ரயில்வே, எஸ்.எஸ்.சி. என்று எங்கே போனாலும் இது முன்னால் வந்து நிற்கிறது. பேங்க் ஆபீஸர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் மட்டும் 35 கேள்வி, 20 நிமிஷம்.

ரீசனிங் என்றால் என்ன? காரணம் தேடுவது. ஏன், எதற்கு, எப்படி என்று கேட்பது. நல்ல விஷயம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், 2002ல்.

பி.காம். முடித்துவிட்டு பேங்க் கிளார்க் பரீட்சைக்காக ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் நாளே மாஸ்டர் போர்டில் ஒரு மந்திரம் எழுதினார். இ, ஜே, ஓ, டி, ஒய். இந்த ஐந்துக்கும் நம்பர் 5, 10, 15, 20, 25. சேர்த்துப் படித்தால் 'ஈஜோட்டி'. இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். அடுத்த மந்திரம் 27. எதிரெதிர் எழுத்துகளின் நம்பரைக் கூட்டினால் எப்போதும் 27 வரும். மூன்றாவது, ஒரு வார்த்தையைத் திருப்பிப் போட்டுவிட்டு ஒவ்வொரு எழுத்தையும் ஒரு படி தள்ளு. எல்லாக் கைடிலும் உள்ள அந்தப் பழைய 'கம்ப்யூட்டர் - மெடிசின்' கேள்வி ஞாபகம் இருக்கிறதா? வார்த்தையைத் திருப்பிப் போட்டு, முனையில் இருக்கும் ரெண்டு எழுத்தை விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை எல்லாம் ஒரு படி தள்ளினால் விடை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கம்ப்யூட்டர் அதே மாதிரி திரும்பிக்கொண்டே இருக்கிறது.

நான் எழுந்து நின்று கேட்டேன். "சார், ஏன் ஒரு படி? ஏன் ரெண்டு படி இல்லை?"

"ஏன்னு கேக்காதே தம்பி. டைம் வேஸ்ட்."

ஏன் என்று கேட்பதற்குப் பெயர் ரீசனிங். அதில் ஏன் என்று கேட்டால் டைம் வேஸ்ட்! அந்த மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது அந்தப் பரீட்சையைப் பற்றிய உண்மை. 54 செகண்டில் யாராலும் யோசிக்க முடியாது. ஏற்கெனவே பார்த்ததை ஞாபகப்படுத்தத்தான் முடியும். நூறு மாடலைப் போட்டுப் பழகினவன் நூற்றியோராவதைப் பார்த்ததும் கையை வைப்பான். பழகாதவன் அப்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பான். யோசித்தவன் தோற்பான். என்ன பரீட்சை ஐயா இது?

*

'பழகினால் யாருக்கும் வந்துவிடும், இதில் என்ன அநியாயம்?' என்று கேட்பீர்கள். எங்கே பழகுவது? அதுதான் கேள்வி.

நம் அரசுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஏ, பி, சி, டி தெரியும். ஆனால் 17ஆவது எழுத்து எது என்று எந்த வகுப்பிலாவது கேட்டிருக்கிறார்களா? சரி, இங்கிலீஷை விடுங்கள். உங்களுக்கே ஒரு பரீட்சை. விரல் விடாமல் சொல்லுங்கள். தமிழ் மெய்யெழுத்தில் 'ழ' எத்தனையாவது?

பார்த்தீர்களா, விரல் விடுகிறீர்கள்! விடை 15. ழகரத்துக்காக மேடையில் உயிரைக் கொடுக்கிற புலவரும் விரல்தான் விடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது என்று சொல்வோமா? எழுத்தின் வரிசை எண் வேறு, மொழியறிவு வேறு, புத்தி வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ஒன்றரை மார்க் போடுகிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது, இலவசம்தான். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் காலையில் கம்பெனிக்குப் போய்விட்டு சாயங்காலம் ஆறரைக்கு வீடு திரும்புகிற பொண்ணு, மறுபடி பஸ் ஏறிக் கோயமுத்தூர் டவுனுக்குப் போய்ப் படித்துவிட்டு எத்தனை மணிக்குத் திரும்புவாள்? மேட்டுப்பாளையம் ரோட்டு டிராஃபிக்கில் போய் வந்தவர்கள் சொல்லுங்கள். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போகாமல் ஹாஸ்டலில் தங்கி ரெண்டு வருஷம் இதே வேலையாக 'ஈஜோட்டி' படிக்கிறது. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே 54 செகண்ட். இதற்குப் பெயர் சமவாய்ப்பாம்.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது 'குழூஉக்குறி' என்று ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிகிற மாதிரி ஒரு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்குப் புரியாது. புரியக்கூடாது என்பதற்காகத்தானே அது! இந்தக் குறியீட்டுப் புதிர் அப்படி ஒரு குழூஉக்குறியாகத்தான் ஆகிவிட்டது. கேள்வி எடுப்பவருக்கும் கைடு போடுகிறவருக்கும் பயிற்சி மையத்துக்கும் நடுவில் ஓடுகிற பரிபாஷை. வாசலில் நிற்கிற மோல்டர் மகளுக்கு அது புரியவில்லை என்றால், அவளுக்கு நுண்ணறிவு குறைவு என்று சர்டிபிகேட்!

*

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. இந்தப் புதிர்களில் பலவற்றுக்கு ஒரே விடை என்பதே கிடையாது.

2, 4, 8... அடுத்தது என்ன? '16' என்று சொல்கிறீர்கள். ஒவ்வொன்றும் இரட்டிப்பு. சரி. பக்கத்து வீட்டுக்காரர் '14' என்கிறார். முதலில் ரெண்டு கூடியது, அடுத்து நாலு கூடியது, இனி ஆறு கூட வேண்டும். அவர் சொல்வதும் சரி.

1, 2, 4, 8, 16... இப்போது? 32 என்று சத்தியம் பண்ணுவீர்கள். ஒரு வட்டம் போடுங்கள். அதன் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளியையும் ஒன்றோடொன்று கோடு போட்டுச் சேருங்கள். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஒரு புள்ளிக்கு வட்டம் ஒரே துண்டு. ரெண்டு புள்ளிக்கு 2 துண்டு. அப்புறம் 4, 8, 16. ஆறாவது புள்ளிக்கு 31! 32 வராது. பேப்பரும் பென்சிலும் எடுத்து எண்ணிப் பாருங்கள். கணக்கு வாத்தியார்கள் ரொம்ப காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்கிற எச்சரிக்கை இது. முதல் சில எண்களைப் பார்த்து விதியை முடிவு பண்ணாதே என்பதற்காகச் சொல்வது.

எழுத்திலும் இதே கூத்துதான். இங்கிலீஷில் 13ஆவது எழுத்துக்குப் பதில் 14ஆவது எழுத்தைப் போட்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு படி முன்னே தள்ளினார்களா, இல்லை அந்த 27 மந்திரப்படி எதிரெழுத்தைப் போட்டார்களா? ரெண்டுமே பொருந்துகிறது. அப்படியானால் 12ஆவது எழுத்துக்கு என்ன போடுவீர்கள்? முதல் விதிப்படி 13, ரெண்டாம் விதிப்படி 15.

இரண்டு விடையும் யோசித்தவனுக்கு ஒரு விடை யோசித்தவனைவிடப் புத்தி அதிகம் என்பது என் எண்ணம். பரீட்சையில் அவனுக்குத்தான் ஆபத்து. 'ஆபீஸர் மனசில் என்ன நினைத்திருப்பார்' என்று ஊகிக்கிறவன் பாஸ். யோசித்துப் பார்த்தால், நம் அரசாங்க அலுவலகங்களுக்கு அதுவே போதும் என்று முடிவு பண்ணித்தான் இந்தப் பரீட்சையை வைத்திருக்கிறார்களோ என்னவோ!

2020ல் டி.என்.பி.எஸ்.சி. ஒரு மாற்றம் கொண்டுவந்தது. நாலு விடைகளோடு ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்று ஒரு வட்டம். தெரியாத கேள்விக்கு அதைக் கருப்பாக்கிவிட்டு வர வேண்டும். முறைகேட்டைத் தடுப்பதற்காக வைத்தது, சரிதான். ஆனால் கேள்வி எடுத்தவருக்கும் அப்படி ஒரு வட்டம் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 'ஏன் இதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.'

*

குறியீடே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். குறியீடு இல்லாமல் நம் ஊர் ஒரு நாள் ஓடாது.

இந்த மண்ணில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், 40ஆம் நம்பர் நூல், 60ஆம் நம்பர் நூல். எது மெல்லிசு? வெளியூர்க்காரர் 40 என்பார். 60தான் மெல்லிசு. ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் நம்பர். ஒரே எடையில் அதிக நீளம் வர வேண்டுமானால் நூல் மெல்லிசாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் இருக்கிறது பாருங்கள்! நூற்பு மெஷின் செய்கிற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இருக்கிற ஊர் இது. இங்கே ஒரு பெண்ணிடம் ரீசனிங் சோதிக்க வேண்டுமென்றால் இதைக் கேட்கலாமே.

பின்கோடு 641020. முதல் 6 தென்னிந்தியாவில் இந்தப் பக்கம் என்று சொல்லும். முதல் மூன்று இலக்கமும் சேர்ந்து கோவையைச் சொல்லும். கடைசி மூன்று எந்த போஸ்ட் ஆபீஸ் என்று சொல்லும். 1972ல் வந்தது, இன்றைக்கும் வேலை செய்கிறது. உங்கள் பான் கார்டை எடுங்கள். நாலாவது எழுத்து நீங்கள் தனிமனிதரா, கம்பெனியா, பார்ட்னர்ஷிப்பா என்று சொல்லும். ஐந்தாவது எழுத்து உங்கள் பெயரோடு சம்பந்தப்பட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் முதன்முதலில் சம்பளம் வாங்கினது ஒரு ஜவுளிக்கடையில். சேலை மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் விலைக்குக் கீழே மூன்று எழுத்து இருக்கும். அது கொள்முதல் விலை. ஒன்றிலிருந்து சைபர் வரைக்கும் பத்து எழுத்து உள்ள ஒரு வார்த்தை, எழுத்து ஒன்றுகூடத் திரும்ப வராது. கஸ்டமர் பேரம் பேசும்போது எது வரைக்கும் இறங்கலாம் என்று சேல்ஸ்மேன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஒரே நாளில் கற்றுக்கொண்டேன். தப்பாகப் படித்தால் சம்பளத்தில் பிடிப்பார்களே! அந்த வார்த்தையை இன்றைக்கும் வெளியே சொல்ல மாட்டேன். கடை இன்னும் இருக்கிறது.

தமிழுக்கு இதெல்லாம் புதுசா? நம் பழைய எண்களே எழுத்துதான். எட்டுக்கு 'அ', கால் என்பதற்கு 'வ'. எட்டேகாலைச் சேர்த்துப் படித்தால் 'அவ'. இதை வைத்து ஒரு ஆளைக் குறியீட்டிலேயே திட்டித் தீர்த்தாராம் அவ்வையார். அந்தத் தனிப்பாட்டு பள்ளிக்கூடத்தில் நாம் ரசித்ததுதான். பாட்டு கற்கிற பிள்ளை முதலில் பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தின் பெயரிலேயே அதன் நம்பர் ஒளிந்திருக்கிறது. 'மா' 5, 'யா' 1. திருப்பிப் போட்டால் 15. மேளகர்த்தா வரிசையில் அது 15ஆவது ராகம். 72 ராகத்தை ஞாபகம் வைக்க ஒரு வழி. எழுத்து, எண், திருப்பிப் போடுதல் எல்லாமே இதில் இருக்கிறது. கூடவே ஒரு காரணமும் இருக்கிறது.

பரீட்சைப் பூனைக்கு மட்டும்தான் காரணம் இல்லை.

*

'இரண்டாம் உலகப் போரில் புதிர் போட்டவர்கள்தான் ஜெர்மனியின் ரகசியத்தை உடைத்தார்கள், தெரியுமா?' என்று ஒரு நண்பர் மடக்கினார். தெரியும். 1942ல் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை 12 நிமிஷத்தில் குறுக்கெழுத்துப் போடும் போட்டி வைத்தது. ஜெயித்தவர்களில் சிலரை பிளெட்ச்லி பார்க்குக்கு அழைத்துக்கொண்டார்கள். ரொம்ப சரி. ரகசிய மொழியை உடைக்கிற வேலைக்கு ரகசிய மொழியில் பரீட்சை. நம் வி.ஏ.ஓ. எந்த ஹிட்லரின் தந்தியைப் படிக்கப் போகிறார்?

அதே நண்பருக்கு இன்னொரு கதையும் சொன்னேன். 1917ல் முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, சுமார் 17 லட்சம் ராணுவத்தாருக்குப் புத்திப் பரீட்சை வைத்தது. ராபர்ட் யெர்க்ஸ் என்ற உளவியல் நிபுணர் தலைமை. எண் வரிசை கேள்விகள் அதிலேயே உண்டு. 'கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, சாப்பாட்டுப் பொருளா?' என்றும் ஒரு கேள்வி. அமெரிக்க மளிகைக் கடையில் விற்கிற எண்ணெய்க் கொழுப்பு அது. நேற்று கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிக்காரனுக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இருந்த வருஷம் கூடக்கூட மார்க்கும் கூடியது. அதைப் பார்த்தாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இந்த மார்க்கை வைத்து கார்ல் பிரிகாம் என்பவர் 1923ல் புத்தகம் போட்டு, வட ஐரோப்பியர்தான் புத்திசாலிகள் என்று எழுதினார். 1930ல் அவரே தன் முடிவு தப்பு என்று ஒப்புக்கொண்டார். தப்பை ஒப்புக்கொள்ள ஏழு வருஷம். நமக்கு எத்தனை வருஷம் ஆகும்?

பரீட்சை முறை என்ன, வேதமா, மாற்ற முடியாமல் போக? யு.பி.எஸ்.சி. 2011ல் சிவில் சர்வீஸ் முதல்நிலையில் 'சிசாட்' தாளைக் கொண்டுவந்தது. இங்கிலீஷும் ரீசனிங்கும் பழகின நகரத்துப் பிள்ளைகளுக்கே சாதகம் என்று 2014ல் டெல்லி வீதிகளில் பிள்ளைகள் போராடினார்கள். 2015ல் அந்தத் தாளை வெறும் தகுதித் தாளாக மாற்றினார்கள். 33 சதவீதம் எடுத்தால் போதும், ரேங்குக்குக் கணக்கில்லை. கலெக்டர் பரீட்சைக்கே மாற்ற முடிந்தது.

*

'22 லட்சம் பேரைச் சலிக்க ஏதாவது ஒரு சல்லடை வேண்டாமா?' என்பதுதான் கடைசியாக எல்லோரும் கேட்பது. நியாயமான கேள்வி. வேண்டும். சல்லடை வையுங்கள். ஆனால் அரிசி நிற்கிற சல்லடையாக வையுங்கள்.

பயிற்சி மையத்தில் பாடம் எடுக்கிற இன்னொரு நண்பர் வேறு மாதிரி சொன்னார். "மத்த பாடத்துக்கு மூட்டை மூட்டையாப் படிக்கணும். இதை மட்டும் ஒரு மாசத்தில் சொல்லிக் குடுத்துடலாம். ஏழைப் பிள்ளைக்கு முழு மார்க் கிடைக்கிற இடமே இதுதான்." இதை நான் மதிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஒரு மாசத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடியது என்றால் அதற்கு 'நுண்ணறிவு' என்று ஏன் பெயர்? அதைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட வேண்டியதுதானே? ஒன்பதாம் வகுப்பில் பத்து பீரியட் போதும். எல்லாப் பிள்ளைக்கும் ஈஜோட்டி தெரிந்துவிட்டால் அதை விற்கிற கடைக்கு வேலை இருக்காது.

அடுத்து, விடைக்குறிப்பு. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கிறார்கள், நல்ல பழக்கம். குறியீட்டுக் கேள்விகளுக்கு மட்டும் விடையோடு விதியையும் போடுங்கள். 'இந்தக் காரணத்தால் இந்த விடை' என்று ஒரு வரி. இன்னொரு விதியும் பொருந்துகிறது என்று பிள்ளைகள் காட்டினால் ரெண்டு பேருக்கும் மார்க் கொடுங்கள். ரீசனிங் கேட்கிறவர் ரீசன் சொல்ல வேண்டாமா?

மூன்றாவது, தமிழில் கேளுங்கள். 1930ல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் இருக்கிற ஊர் எங்களுடையது. 1934ல் காந்தி வந்து இங்கே அடிக்கல் நாட்டினார். அந்த அவினாசிலிங்கம்தான் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் 'உலகத்து அறிவை எல்லாம் தமிழில் கொண்டுவர வேண்டும்' என்று தமிழ் வளர்ச்சிக் கழகம் ஆரம்பித்தார். இதே வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெ. தூரன் முதன்மை ஆசிரியராக உட்கார்ந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதியாகக் கலைக்களஞ்சியம் வந்தது. விஞ்ஞானம் முதல் சங்கீதம் வரை தமிழில் எழுதிக் காட்டினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அது முடிந்தது. இன்றைக்கு 247 எழுத்து உள்ள மொழியில் ஒரு குறியீட்டுக் கேள்வி எடுக்க முடியாதா?

கடைசியாக, வேலைக்கு வேண்டிய குறியீட்டைக் கேளுங்கள். எத்தனையோ இருக்கிறது. நூல் நம்பர், பின்கோடு, சர்வே நம்பர், உட்பிரிவு, பட்டா.

போன ஞாயிறு அந்தப் பொண்ணும் அப்பாவும் மறுபடி வந்தார்கள். எனக்குத் தெரிந்த மந்திரங்களை எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். வேறு வழி? அடுத்த பரீட்சைக்குள் நான் எழுதி எதுவும் மாறப்போவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினேன். '0 - 40.50'. "பட்டாவில் பரப்பு என்ற இடத்தில் இப்படிப் போட்டிருக்குது. எத்தனை சென்ட்?"

பொண்ணு சீட்டை வாங்குவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"ஹெக்டேர் சைபரு, ஏர் நாப்பதரை. நூறு சென்ட்டுங்க. ஒரு ஏக்கரா. எங்கப்பன் உட்டுட்டுப் போன காடு அவ்வளவுதானுங்க இருந்துச்சு. புள்ளையக் காலேஜுல சேக்கறப்பத்தான் வித்தனுங்க."

எட்டாவது வரை படித்த மனுஷன். 54 செகண்டில் பாதிகூட ஆகவில்லை. இதற்கு ஒன்றரை மார்க் போடுங்கள் சார்.